உங்க ஊர் ரோட்டுல எத்தனை வண்டி போகுது? எண்ணும் கருவியை எங்கே வைக்கிறாங்க என்பதில்தான் இருக்கு சூட்சுமம்!

சாலையோரக் கம்பத்தில் ஒரு குட்டிப் பெட்டி, அதன் தலையில் சின்னதாக ஒரு சோலார் தகடு. இல்லையென்றால், தார் ரோட்டைச் சதுரமாக அறுத்துக் கறுப்புப் பசை ஊற்றி மூடிய தடம். தினமும் அதைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். 'ஏதோ கேபிள் வேலை போல' என்று நினைத்திருப்பீர்கள். அவற்றில் சில, நீங்கள் போவதை எண்ணிக்கொண்டிருக்கும் கருவிகள். உங்கள் பைக், பின்னால் வந்த பஸ், அதற்குப் பின்னால் வந்த மணல் லாரி என்று ராத்திரி பகலாக, 365 நாளும் எண்ணும் நிரந்தர டிராஃபிக் சென்சார்கள்.

'எண்ணிட்டுப் போகட்டுமே, நமக்கென்ன?' என்று விட்டுவிட முடியாது. உங்கள் ஊர்ச் சாலை இருவழியாகவே இருக்குமா, நான்கு வழியாகுமா? புதிதாகப் போட்ட தார் எத்தனை வருஷம் தாங்கும்? பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் கடக்க வழி அமைக்கப்படுமா? சாலையோரப் புளியமரங்கள் தப்புமா? இத்தனைக்கும் அடிப்படை, 'ஒரு நாளைக்கு இத்தனை வண்டி' என்ற ஒற்றை எண். அந்த எண் எப்படி வருகிறது என்பதில் கருவிக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதே அளவு பங்கு அது நிற்கும் இடத்துக்கும் உண்டு.

கருவியை ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்தால் எண் மாறும். எண் மாறினால் முடிவும் மாறும். அதனால், எங்கே வைக்கிறார்கள், ஏன் அங்கே வைக்கிறார்கள் என்று கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடலாம்.

ஒரு வாரம் எண்ணினால் போதாதா?

நம் நாட்டில் சாலைகளுக்கான விதிமுறைகளை வகுப்பது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ். பெயரைப் பார்த்துக் கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். 1934-ல் தொடங்கப்பட்ட சாலைப் பொறியாளர்களின் அமைப்பு அது. ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில் வண்டிகளை எப்படி எண்ண வேண்டும் என்று 1972-லேயே அது ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வருஷத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் தொடர்ந்து 7 நாள், 24 மணி நேரமும் எண்ண வேண்டும். அதில் ஒன்று அறுவடையும் விற்பனையும் மும்முரமாக நடக்கும் காலத்தில். இன்னொன்று சந்தடி குறைந்த காலத்தில். திருவிழா, பொருட்காட்சி என்று ஏதாவது நடந்தால், அது முடிந்து சாலை சகஜ நிலைக்கு வரும்வரை கணக்கெடுப்பைத் தள்ளிவைக்க வேண்டும்.

நல்ல யோசனைதான். ஆனால், வருஷத்தில் 14 நாள்தான் பார்க்கிறோம். மீதி 351 நாள் என்ன நடந்தது?

இங்கேதான் நிரந்தர சென்சார் வேண்டியிருக்கிறது. எல்லாச் சாலைகளிலும் அதை வைக்கப் பணம் போதாது, வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. சில இடங்களில் மட்டும் நிரந்தரமாக வைத்துவிட்டு, மற்ற இடங்களில் சில நாள் மட்டும் எண்ணி, அந்தச் சில நாள் கணக்கை வருஷக் கணக்காக மாற்றிக்கொள்வதுதான் உலகம் முழுக்க நடைமுறை.

எப்படி மாற்றுவது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மலையடிவாரச் சாலை ஒன்றில் நிரந்தர சென்சார் இருக்கிறது. வருஷம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக நாளைக்கு 4,000 வண்டிகள். ஆனால், மே மாதத்துச் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் 6,000. பக்கத்தில் இன்னொரு மலைச்சாலையில் ஒரே ஒரு நாள், அதுவும் மே மாதச் செவ்வாய்க்கிழமை, ஆள் வைத்து எண்ணியதில் 900 வண்டிகள். முதல் சாலையில் மே மாதச் செவ்வாய்க் கணக்கில் மூன்றில் இரண்டு பங்குதான் வருஷ சராசரி. அதே விகிதத்தை இங்கேயும் போட்டால், இந்தச் சாலையின் வருஷ சராசரி சுமார் 600.

ஆக, ஒரு நிரந்தர சென்சார் தான் இருக்கும் சாலைக்கு மட்டும் கணக்குச் சொல்வதில்லை. அதே குணம் கொண்ட பல சாலைகளுக்கும் அதுதான் அளவுகோல். அது தப்பான இடத்தில் உட்கார்ந்தால், அந்தத் தப்பு அத்தனை சாலைகளின் கணக்கிலும் ஏறிவிடும்.

சாலைக்கும் குணம் உண்டு

அதனால் இடம் தேடும் வேலை வரைபடத்தில் புள்ளி வைப்பதில் தொடங்குவதில்லை. சாலைகளைக் குணம் பார்த்துப் பிரிப்பதில்தான் தொடங்குகிறது.

காலை 8 மணிக்கு ஒரு பக்கமும், மாலை 6 மணிக்கு மறு பக்கமும் நிரம்பி, ஞாயிற்றுக்கிழமை ஓய்ந்துவிடும் சாலை, ஆபீஸ் சாலை. ராத்திரி 11 மணிக்கு மேல்தான் லாரிகள் வரிசைகட்டும் என்றால் அது சரக்குச் சாலை. கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் டிராக்டரும் டிரெய்லருமாக நிறைந்து, மற்ற மாதங்களில் காலியாகக் கிடந்தால் அது விவசாயச் சாலை. சனி, ஞாயிறும் கோடை விடுமுறையும் மட்டும் திணறினால் அது சுற்றுலாச் சாலை.

இப்படி ஒவ்வொரு வகையிலும் சில சென்சார்கள் வேண்டும். அமெரிக்காவின் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் வெளியிடும் கையேடு, ஒரு வகைக்கு ஐந்து முதல் எட்டு நிரந்தர சென்சார்கள் இருந்தால் பெரும்பாலும் போதும் என்கிறது. ஆபீஸ் சாலை வகையில் இருபது சென்சார் வைத்துவிட்டு, விவசாயச் சாலையில் ஒன்றுகூட வைக்காமல் விட்டால் என்ன ஆகும்? கரும்புச் சாலையின் ஒரு வாரக் கணக்கை, ஆபீஸ் சாலையின் விகிதத்தை வைத்துத்தான் வருஷக் கணக்காக்க வேண்டியிருக்கும். செருப்புக்கு அளவெடுக்கப் பக்கத்து வீட்டுக்காரர் காலை நீட்டின மாதிரி!

நடைமுறையில் இது அடிக்கடி நடக்கக்கூடிய தவறு. மின்சாரம் இருக்கும் இடம், செல்போன் சிக்னல் கிடைக்கும் இடம், பராமரிக்கும் ஆட்கள் சுலபமாகப் போய்வரும் இடம் எல்லாம் நகரத்தை ஒட்டித்தான் இருக்கும். வசதி பார்த்து வைத்துக்கொண்டே போனால், எண்ணப்படுவதெல்லாம் நகரத்துப் பயணமாகவே இருக்கும்.

பொங்கல் நெரிசலும் 30-வது மணி நேரமும்

பொங்கலுக்கு முந்தின நாள் ராத்திரி, பெருங்களத்தூரிலிருந்து பரனூர் டோல்கேட் வரை ஊர்ந்துபோன அனுபவம் உங்களுக்கு இருக்கலாம். 'இவ்வளவு கூட்டம் வரும்னு தெரியாதா? ரோட்டை அதுக்குத் தகுந்த மாதிரி போட வேண்டியதுதானே!' என்று கோபமும் வந்திருக்கும்.

வருஷத்தில் மொத்தம் 8,760 மணி நேரம். எந்த மணி நேரத்தில் எத்தனை வண்டி போனது என்று பார்த்து, அதிகத்திலிருந்து குறைவாக வரிசைப்படுத்தினால், பொங்கல், தீபாவளி நெரிசல்கள் முதல் சில இடங்களைப் பிடித்துக்கொள்ளும். அந்த உச்சத்துக்குத் தகுந்தாற்போல் சாலை போட்டால், வருஷத்தின் மற்ற நாள்களில் பாதிச் சாலை சும்மா கிடக்கும். அதனால் ஊருக்கு வெளியே உள்ள சாலைகளுக்கு, அந்த வரிசையில் 30-வதாக வரும் மணி நேரத்தை அளவாக எடுத்துக்கொள்வது பொறியாளர்களின் வழக்கம்.

அந்த 30-வது மணி நேரம் எது என்று தெரிய, வருஷம் முழுக்க ஒவ்வொரு மணி நேரத்தின் கணக்கும் வேண்டும். ஆள் வைத்து எண்ணினால் அது நடக்காது. நிரந்தர சென்சாரால் மட்டுமே கிடைக்கும் தகவல் இது. நடுவில் பத்து நாள் கருவி பழுதாகி, அந்தப் பத்து நாளில் பொங்கல் வந்துவிட்டால், வரிசையே மாறிப்போகும்.

கார் 1, பைக் அரை, மாட்டு வண்டி 6

எண்ணுவது என்றால் தலையை எண்ணுவது மட்டும் இல்லை. கார், லாரி, பைக் எல்லாம் சாலையில் ஒரே அளவு இடத்தை அடைப்பதில்லையே. அதனால் எல்லாவற்றையும் 'எத்தனை காருக்குச் சமம்' என்று மாற்றுகிறார்கள். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 1990-ம் ஆண்டு வழிகாட்டியில், ஊர்ப்புறச் சாலைகளுக்கு கார் என்பது 1, ஆட்டோவும் 1, இருசக்கர வாகனம் 0.5, டிராக்டர் 1.5, பஸ், லாரி 3. சின்ன மாட்டு வண்டிக்கு 6, பெரியதுக்கு 8! மெதுவாகப் போய்ப் பின்னால் வருகிற அத்தனை பேரையும் காக்கவைப்பதால் மாட்டு வண்டிக்கு அந்த மரியாதை.

இந்தக் கணக்கில், சமவெளியில் உள்ள இருவழிச் சாலை நாளைக்கு 15,000 கார்களுக்குச் சமமான போக்குவரத்தைத் தாங்கும் என்கிறது அந்த வழிகாட்டி. அந்த எண்ணை நெருங்கினால் அகலப்படுத்தும் பேச்சு எழும். நிலம் எடுப்பு, மரம் வெட்டு எல்லாம் அதன் பின்னால் வரும். சென்சாரை ஊருக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்து, கடைக்கும் டியூஷனுக்கும் போய்வரும் உள்ளூர் வண்டிகளை எல்லாம் நெடுஞ்சாலைப் போக்குவரத்தாக எண்ணிவிட்டால், 40 கிலோமீட்டர் நீளச் சாலையே நிரம்பி வழிவதாகக் காகிதம் சொல்லும். உண்மையில் நெரிசல் இருப்பது ஊரை ஒட்டிய நாலு கிலோமீட்டரில் மட்டும்.

குறைத்து எண்ணினாலும் ஆபத்துதான். தார் எவ்வளவு தடிமனாகப் போட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை கனரக வாகனங்கள். அச்சில் இறங்கும் பாரம் இரண்டு மடங்கானால், சாலைக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்கு ஆவதில்லை. ஏறக்குறைய 16 மடங்கு ஆகிறது. குவாரி லாரிகள் நெடுஞ்சாலையில் சேரும் இடத்துக்கு முன்னாலேயே சென்சார் நின்றுவிட்டால், அந்த லாரிகள் கணக்கிலேயே வராது. மெல்லியதாகத் தார் போடுவார்கள். இரண்டே மழைக்காலத்தில் பள்ளம் விழும். 'கான்ட்ராக்டர் ஏமாத்திட்டான்' என்று திட்டுவோம். சில நேரம் ஏமாற்றியது எண்ணிக்கையாகக்கூட இருக்கலாம்.

எங்கே வைக்கணும், எங்கே வைக்கக் கூடாது?

அதனால்தான், ஒரு நெடுஞ்சாலையை முதலில் துண்டு துண்டாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். ஒரு துண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு வண்டிகள் ஓட வேண்டும். பெரிய ஊர், முக்கியமான சந்திப்பு என்று வண்டிகள் கூடும், பிரியும் இடங்களில் துண்டு முடிந்துவிடும். சென்சார் அந்தத் துண்டின் நடுப்பகுதியில், ஊர்களை விட்டு நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும். நகரத்துக்கு வேலைக்குப் போய்வரும் தினசரிக் கூட்டம் சில இடங்களில் 10 கிலோமீட்டரையும் தாண்டி நீளும், அது கணக்கைக் குழப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று 1972-ம் ஆண்டு வழிகாட்டியே எச்சரிக்கிறது.

துண்டு முடிவானதும், அடுத்தது துல்லியமான இடம். இங்கே பெரிய கணிதம் எல்லாம் தேவையில்லை. சாலையைத் தெரிந்த டிரைவரிடம் கேட்டாலே பாதி பதில் கிடைக்கும்.

* சிக்னல், சந்திப்பு பக்கத்தில் வேண்டாம். வண்டிகள் கருவிக்கு மேலேயே நின்றுவிடும். ஒன்றையொன்று ஒட்டி ஊர்ந்துபோகும்போது, இரண்டு வண்டியை ஒரே நீள வண்டியாகக் கருவி நினைத்துக்கொள்ளும்.

* பஸ் ஸ்டாப், டீக்கடை, பெட்ரோல் பங்க் எதிரில் வேண்டாம். லாரியை ஓரங்கட்டிவிட்டு டீ குடிக்கப் போனால், பின்னால் வருகிற எல்லோரும் வலது பக்கம் ஒதுங்குவார்கள். அந்த நேரம் முழுக்க இடது பக்கக் கருவிக்கு வேலை இருக்காது.

* வளைவு, ஏற்றம், வேகத்தடை வேண்டாம். வளைவில் வண்டிகள் நடுக்கோட்டைத் தாண்டும். நேரான, சமதளமான, சீரான வேகத்தில் வண்டிகள் போகிற இடமே நல்லது. வண்டியின் எடையையும் சேர்த்து அளக்கும் கருவி என்றால் இது இன்னும் முக்கியம். சாலை குண்டும் குழியுமாக இருந்தால் வண்டி குதிக்கும், எடை தப்பாக வரும்.

* சீக்கிரமே மறுபடி தார் போடப்போகும் இடம் வேண்டாம். பழைய தாரைச் சுரண்டும் இயந்திரம், உள்ளே பதித்த கம்பிச் சுருளையும் சேர்த்துச் சுரண்டிக்கொண்டு போய்விடும். குடிநீர்க் குழாய், கேபிள் என்று தோண்டப்போகிறார்களா என்றும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

* தண்ணீர் தேங்கும் இடம் வேண்டாம். சாலையோரப் பெட்டிக்குள் இருப்பது மின்னணுச் சாதனம். ஒரே ஒரு அடைமழை அதன் கதையை முடித்துவிடும்.

* பராமரிப்பவர் பத்திரமாக நிற்க இடம் வேண்டும். பறக்கும் லாரிகளுக்கு நடுவில் உயிரைப் பணயம் வைத்துத்தான் பெட்டியைத் திறக்க முடியும் என்றால், அந்தப் பெட்டியை யாரும் திறக்கவே மாட்டார்கள்.

நம்ம ஊர் பைக்கை அது பார்க்குமா?

சாலைக்குள் பதிக்கும் கருவிகளில் ரொம்ப நாளாகப் புழக்கத்தில் இருப்பது 'லூப்'. தாரை அறுத்துக் கம்பிச் சுருளைப் பதித்து, அதில் மின்சாரம் செலுத்துவார்கள். மேலே ஒரு பெரிய உலோகப் பொருள் வந்தால் சுருளின் காந்தப் புலத்தில் மாற்றம் ஏற்படும்; பெட்டி 'ஒன்று' என்று குறித்துக்கொள்ளும். ஒரு லேனில் ஒரு வண்டி என்று ஒழுங்காகப் போகும் நாடுகளுக்கு இது கச்சிதம்.

நம் சாலை எப்படி என்று உங்களுக்கே தெரியும். இரண்டு லேனில் நாலு வரிசை போகும். பைக்கில் உலோகம் குறைவு. அதுவும் இரண்டு லூப்புகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் புகுந்து போனால், கருவிக்கு அது தெரியாமலேகூடப் போகலாம். இரண்டு பைக் ஜோடியாகப் போனால் ஒன்றாகவும் பதிவாகலாம். கேமரா வைத்து எண்ணினால் இந்தச் சிக்கல் குறையும். ஆனால், பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்துபோகும் ஸ்கூட்டி, இரவில் விளக்கில்லாமல் வரும் மாட்டு வண்டி, அடைமழை, மூடுபனி எல்லாம் கேமராவுக்குச் சவால். பக்கவாட்டுக் கம்பத்தில் வைக்கும் ரேடாருக்கும் மறைந்துபோகும் சிக்கல் உண்டு. அதனால்தான் உயரமான கம்பமோ, சாலையின் குறுக்கே நிற்கும் வளைவோ உள்ள இடத்தைத் தேடுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் மறைப்பு குறைவு.

எந்தக் கருவியாக இருந்தாலும், வைத்த பிறகு சில மணி நேரம் ஆள் உட்கார்ந்து கையால் எண்ணி, இரண்டு கணக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம். அந்தச் சோதனையைப் பைக் அதிகம் போகும் காலை நேரத்திலும் செய்ய வேண்டும். லாரி மட்டும் போகும் ராத்திரியில் செய்து பார்த்துவிட்டு 'கருவி சூப்பர்' என்று சொல்லக் கூடாது.

'டோல்கேட்லதான் எல்லாம் பதிவாகுதே, அதையே எடுத்துக்கிட்டா என்ன?' என்று கேட்கலாம். 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயமானதால், கார், பஸ், லாரிகளின் கணக்கு அங்கே நன்றாகவே கிடைக்கிறது. ஆனால், தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டில் இருசக்கர வாகனங்களுக்குக் கட்டணம் இல்லை. ஓரமாக உள்ள வழியில் அவை போய்விடும். கட்டணத்தைத் தவிர்க்கக் கிராமத்துச் சாலையில் சுற்றிப் போகும் கார்களும் பதிவாகாது. டோல்கேட் சொல்வது கட்டணம் வாங்கத் தேவையான கணக்கு. அந்தச் சாலையில் போகிற எல்லோரின் கணக்கு என்று அதை எடுத்துக்கொண்டால், பைக்கில் போகும் பெரும் கூட்டம் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

ஊட்டி சொல்லும் பாடம்

வண்டிகளின் எண்ணிக்கையே நீதிமன்றம்வரை போன கதை நம் மாநிலத்திலேயே இருக்கிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் எத்தனை வண்டி வருகிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. இந்த மலைகள் எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் வேலை சென்னை ஐ.ஐ.டி-யிடமும் பெங்களூரு ஐ.ஐ.எம்-மிடமும் ஒப்படைக்கப்பட்டது. 2025 மார்ச்சில், அந்த ஆண்டுக் கோடைக்கு நீதிமன்றம் வரம்பும் விதித்தது: ஊட்டிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000.

வரம்பு என்று ஒன்று வந்துவிட்டால், சரியாக எண்ண வேண்டிய கட்டாயமும் கூடவே வந்துவிடுகிறது. சரி, நீலகிரியில் நிரந்தர சென்சார் வைக்கும் பொறுப்பை உங்களிடம் கொடுத்தால் எங்கே வைப்பீர்கள்?

'மேட்டுப்பாளையம் - குன்னூர் ரோட்டுல வெச்சா போச்சு' என்று முதலில் தோன்றும். ஆனால், கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி போக்குவரத்தை ஒருவழியாக மாற்றுவது வழக்கம். அப்போது குன்னூர்ச் சாலையில் மட்டும் எண்ணினால், ஏறுகிறவர்கள் மட்டும் தெரிவார்கள். மலையிலிருந்து யாருமே இறங்காத மாதிரி இருக்கும். மழைக்காலத்தில் மண் சரிந்து குன்னூர்ச் சாலை மூடப்பட்டால், வண்டிகள் எல்லாம் கோத்தகிரிக்குத் திரும்பும். ஒரு சென்சார் 'கூட்டமே இல்லை' என்னும், இன்னொன்று 'கூட்டம் தாங்கலை' என்னும். மலைக்கு வந்தவர்கள் எண்ணிக்கை அப்படியே இருந்திருக்கலாம்.

அதனால் இப்படிப்பட்ட இடத்தைச் சுற்றி ஒரு வேலி போட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலியைச் சாலை எங்கெல்லாம் கடக்கிறதோ, அங்கெல்லாம் எண்ண வேண்டும். குன்னூர்ச் சாலை, கோத்தகிரிச் சாலை, மைசூரிலிருந்து முதுமலை வழியாக வரும் சாலை, கேரளத்திலிருந்து கூடலூர் வழியாக வரும் சாலை, காரமடையிலிருந்து மஞ்சூர் வழியாக ஏறும் சாலை என எல்லாமே வேண்டும். ஒன்றை விட்டாலும் கணக்கு ஒழுகும். இடமும் மலை ஏறத் தொடங்குவதற்கு முன்னால், கொண்டைஊசி வளைவுகளும் மூடுபனியும் இல்லாத அடிவாரமாக இருப்பது நல்லது.

இன்னொரு சுவாரஸ்யமும் உண்டு. பந்திப்பூர் காட்டுச் சாலை, விலங்குகளுக்காக இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுகிறது. முதுமலைப் பக்கம் ஒரு சென்சார் வைத்தால், ராத்திரி பெரும்பாலும் சைபர்தான் காட்டும். விவரம் தெரியாதவர் 'கருவி பழுது' என்று அந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிடுவார். சாலையைத் தெரிந்தவருக்குத்தான் அந்த சைபர் உண்மை என்று புரியும்.

இத்தனையும் செய்தாலும், இது மலைக்குள் எத்தனை வண்டி நுழைந்தது என்பதை மட்டும்தான் சொல்லும். ஊட்டி - குன்னூர் சாலையில் உள்ளூர்க்காரர் பிள்ளையைப் பள்ளியில் விட எவ்வளவு நேரம் தவிக்கிறார் என்று சொல்லாது. அதற்கு உள்ளே தனியாக எண்ண வேண்டும்.

பிள்ளைகள் கடக்கும் இடம் எண்ணப்படுகிறதா?

ஒரு கேள்விக்குச் சரியான இடம், இன்னொரு கேள்விக்குத் தப்பான இடமாகிவிடும் என்பதற்கு, நம் எல்லோர் ஊரிலும் இருக்கக்கூடிய உதாரணம் இது.

நெடுஞ்சாலையை மக்கள் கடக்க முறையான வழி அமைக்கலாமா என்று முடிவெடுக்க, இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 1988-ம் ஆண்டு வழிகாட்டி ஒரு கணக்கைச் சொல்கிறது. நெரிசலான ஒரு மணி நேரத்தில் கடக்கும் ஆள்களின் எண்ணிக்கையை, அதே நேரத்தில் போகும் வண்டிகளின் எண்ணிக்கையால் இரண்டு முறை பெருக்க வேண்டும். நடுவில் தடுப்பு இல்லாத சாலையில், விடை 10 கோடியைத் தாண்டினால் கடக்கும் வழி தேவை.

பள்ளிக்கூட வாசலில் காலை ஒரு மணி நேரத்தில் 120 பேர் கடக்கிறார்கள், 1,000 வண்டிகள் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். 120-ஐ 1,000-ஆல் இரண்டு முறை பெருக்கினால் 12 கோடி. வழி அமைக்கலாம்.

இப்போது, அந்தச் சாலைக்கான சென்சார் ஊரைவிட்டு நாலு கிலோமீட்டர் தள்ளி, விதிப்படி சரியான இடத்தில் இருக்கிறது. உள்ளூர் பைக்கும் ஆட்டோவும் வேனும் அதுவரை போவதே இல்லை. அங்கே அதே மணி நேரத்தில் பதிவாவது 700 வண்டிகள். அந்த எண்ணைக் கொண்டுவந்து இங்கே போட்டால், 120-ஐ 700-ஆல் இரண்டு முறை பெருக்கினால் 5 கோடியே 88 லட்சம். வழி கிடையாது! வண்டி குறைந்தது 30 சதவிகிதம்தான். விடையோ பாதிக்கும் கீழே போய்விட்டது. யாரும் பொய்க் கணக்கு எழுதவில்லை. கருவியும் ஒழுங்காகத்தான் எண்ணியது. வேறு ஒரு கேள்விக்காக வைத்த கருவியின் பதிலை இந்தக் கேள்விக்கு எடுத்துக்கொண்டதுதான் தவறு.

கடக்கும் அந்த 120 பேரை எண்ணும் கருவி சாலையில் எங்கேயும் இல்லை என்பதையும் கவனியுங்கள். யாராவது நின்று எண்ணினால்தான் அவர்கள் கணக்கில் வருவார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் ஊர்ச் சாலையை அகலப்படுத்தப்போவதாகவோ, 'இங்கே போக்குவரத்து குறைவு, சிக்னல் தேவையில்லை' என்றோ சொன்னால், கோபப்படுவதற்கு முன்னால் இந்த 5 கேள்விகளைக் கேளுங்கள்.

1. வண்டிகளை எந்த இடத்தில் எண்ணினீர்கள்? எந்தக் கிலோமீட்டர் கல் பக்கத்தில்?

2. எந்த மாதம், எந்தக் கிழமை, எத்தனை நாள்? வருஷக் கணக்காக மாற்றியது எந்த நிரந்தர சென்சாரின் விகிதத்தை வைத்து?

3. இருசக்கர வாகனங்கள், ஷேர் ஆட்டோ, டிராக்டர் எல்லாம் தனித்தனியாக எண்ணப்பட்டதா?

4. கருவியின் கணக்கைக் கையால் எண்ணிச் சரிபார்த்தீர்களா?

5. சாலையைக் கடக்கும் ஆள்களை எண்ணினீர்களா? எங்கே?

கிராம சபையில் கேட்கலாம். பதில் கிடைக்காவிட்டால், நெடுஞ்சாலைத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

நீங்களே எண்ணியும் பார்க்கலாம். அதற்கு சென்சார் வேண்டாம். நாலு பேரும் ஒரு நோட்டும் போதும். பள்ளி, ஆபீஸ் நேரத்தில் ஒரு மணி நேரம் பாதுகாப்பாக ஓரமாக நின்று, ஆளுக்கு ஒரு திசையாக இரண்டு பேர் வண்டிகளை எண்ணுங்கள். மற்ற இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பக்கமாக, சாலையைக் கடக்கிறவர்களை எண்ணட்டும். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கும் பழைய முறையே போதும். 15 நிமிஷத்துக்கு ஒரு முறை கூட்டி எழுதிக்கொள்ளுங்கள். செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள் இப்படிச் செய்துவிட்டு, மேலே சொன்ன பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். 10 கோடியைத் தாண்டினால், தேதி, நேரம், இடம் குறித்து மனுவோடு இணைத்துக் கொடுங்கள். 'ரோட்டைக் கடக்கவே பயமா இருக்குங்க' என்று சொல்வதோடு, எத்தனை பேர், எத்தனை வண்டிகளுக்கு நடுவில் கடக்கிறார்கள் என்ற கணக்கும் அப்போது அந்த மனுவில் இருக்கும்.